லொறியில் புழுதி இருந்தால் புள்ளி குறைப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பரந்தன் பக்கத்தில் ஒரு கராஜில் லொறி, டிப்பர், பஸ் என்று வருகிற எல்லாவற்றுக்கும் பெயின்ற் அடிக்கிறவன். பகலில் பெரிய லொறி, இரவில் மேசையில் சின்ன லொறி. அளவு பிசகாமல் மாதிரி லொறி செய்து அதற்கு நிறம் பூசுவது எனக்குப் பல வருடப் பழக்கம். வீட்டில் இதற்கு விசர் என்றுதான் பெயர், பரவாயில்லை. அண்மையில் எங்கள் பக்கம் மாணவர்களுக்காக நடந்த ஒரு கைவினைக் கண்காட்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன். எது, யார் நடத்தியது என்று இங்கே சொல்லப் போவதில்லை. நல்ல மனதோடுதான் நடத்தினார்கள், பிள்ளைகளுக்குக் குளிர்பானமும் கொடுத்தார்கள். ஆனால் புள்ளி போட்ட விதத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. மற்ற இடங்களிலும் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

போட்டிக்கு இரண்டு லொறிகள் வந்திருந்தன. ஒன்று அமெரிக்க நீள மூக்கு லொறி, பீற்றர்பில்ற் 359. வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ அனுப்பிய, பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற ஏஎம்ரீ கம்பனிப் பெட்டி, 25இல் ஒரு பங்கு அளவு. சிவப்பு நிறம், குரோம் புகைக்குழாய் இரண்டு, கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி நின்றது. செய்த பிள்ளை கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பசை வழியவில்லை, ஒட்டுக்கோடு தெரியவில்லை, குரோம் துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டிய இடங்களைக்கூட மறைத்திருந்தான். ஆனால் முன்னால் என்.பீ. என்று தொடங்கும் வட மாகாண இலக்கத்தகடு, உள்ளே ஸ்டேரிங் இடப்பக்கம்! எங்கள் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் இப்படி ஒரு லொறியை யாராவது கண்டால் எனக்கும் அறிவியுங்கள், வந்து பார்க்கிறேன். ஒரு நடுவரும் இதைக் கேட்கவில்லை. முதற்பரிசு அதற்குத்தான்.

மற்றது எங்கள் ஒழுங்கையில் இருக்கிற, சாதாரணதரம் படிக்கிற பொடியன் செய்த மிற்சுபிசி கன்ரர். அதற்குப் பெட்டியும் இல்லை, கம்பனியும் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்கு ஏறிய பிறகு இத்தாலிப் பெட்டியோ யப்பான் பெட்டியோ எங்கள் பிள்ளைகள் கனவில் வாங்கினால்தான் உண்டு. சைன்போட் கடையில் வெட்டிக் கழித்த பீவீசீ மட்டை, பழைய றப்பர் செருப்பு, சேட் பெட்டியின் கண்ணாடித் தாள், மீன் ரின் தகரம், இவ்வளவுதான் அவனுடைய சாமான். வில்லுத்தகடு முழுக்க அந்த மீன் ரின் தகரத்தில் ஒவ்வொன்றாக வெட்டி அடுக்கியது. எங்கள் காலத்திலும் மீன் ரின்னில் லொறி செய்து செருப்பில் சில்லு வெட்டிக் கயிறு கட்டி இழுத்தோம், ஆனால் அது விளையாட்டு லொறி. இவன் செய்தது அளவெடுத்து.

அளவு என்றால் எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையின் ருசியே அங்கேதான் தொடங்குகிறது. அவன் எடுத்த அளவு 24இல் ஒரு பங்கு, அதாவது அடிக்கு அரை அங்குலம். எங்கள் நாட்டில் லொறிப் பொடி, அதாவது சாமான் ஏற்றுகிற பின்பகுதி, கட்டுகிற தச்சன்மார் இன்றைக்கும் அடியிலும் அங்குலத்திலும்தான் பேசுகிறார்கள், விற்பனை விளம்பரத்திலும் பொடி நீளம் பதினான்கரை அடி என்றுதான் வரும். அதை மேசைக்குக் கொண்டுவந்தால் ஏழேகால் அங்குலம். 7.50-16 ரயர் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் உயரம், அது 33 மில்லிமீற்றர் சில்லாகும். பக்கத்தில் நிற்கிற சாரதி ஐந்தரை அடி என்றால் 7 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பொடியன் அளவுநாடாவோடு சந்தையடியில் நிற்கிற ஒரு கன்ரருக்குக் கீழே படுத்து சசி என்கிற அடிச்சட்டத்தின் அளவு எடுத்ததை நானே கண்டேன்.

அந்த லொறிக்குத் துப்புரவு போதாது என்று புள்ளி குறைத்தார்கள். ஏன்? பொடியன் அதில் புழுதி பூசியிருந்தான், துரு வைத்திருந்தான், பின்தட்டியில் பெயின்ற் போனது மாதிரிச் செய்திருந்தான். இவ்வளவு அழகாகச் செய்துவிட்டு ஏன் ஊத்தையாய் விட்டாய் என்கிற மாதிரி ஒருவர் அவனிடம் கேட்டார். அவன் வாய் திறக்கவில்லை. அதனால் நான் திறக்கிறேன்.

முதலில் பளபளப்பைப் பற்றி. அது என்னுடைய சோற்றுத் தொழில், அதனால் அதைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் கராஜில் பெரிய லொறிக்குப் பூசுகிற பெயின்ற், பிறைமரிலிருந்து மேற்பூச்சு வரை எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கும். அதே தடிப்பை 24இல் ஒரு பங்கு லொறியில் பூசினால் உண்மையான லொறியில் 2.4 மில்லிமீற்றர் தடிப்பில் பெயின்ற் அப்பியதற்குச் சமம். கபின் கதவின் நீக்கல் நிஜத்தில் 6 மில்லிமீற்றர் என்றால் மாதிரியில் கால் மில்லிமீற்றர், இரண்டு பூச்சில் மூடிவிடும். மூடினால் கதவு கதவாகத் தெரியாது, ஒரே கட்டியாகத் தெரியும். அதனால்தான் சின்ன லொறிக்கு பெயின்றைத் தண்ணியாய்க் கரைத்து, பனி விழுகிற மாதிரி மெல்லிசாய், காயவிட்டுக் காயவிட்டு அடிக்க வேண்டும். கராஜ் தின்னரை அப்படியே அள்ளி ஊற்றினால் பிளாஸ்ரிக் இளகிவிடும், அதையும் கவனிக்க வேண்டும். மாரி காலத்தில் ஈரக் காற்றில் லக்கர் அடித்தால் வெள்ளை பூக்கும், அது பெரிய லொறிக்கும் சின்ன லொறிக்கும் ஒன்றுதான், எங்கள் பக்கம் கார்த்திகை மார்கழியில் நான் மேசை லொறிக்கு ஸ்பிறே எடுப்பதே இல்லை.

அப்புறம் நிறம். கறுப்பு ரயருக்குக் கறுப்பு பூசினால் சின்ன லொறியில் அது ரயராகத் தெரியாது, ஓட்டையாகத் தெரியும். வெயிலில் நிற்கிற ரயரை ஒருமுறை பாருங்கள், அது சாம்பலும் மண்ணிறமும் கலந்த ஒரு நிறம். பொடியன் செருப்பு றப்பரைத் துளைபோடும் மெசினில் பூட்டிச் சுற்றவிட்டு, அரத்தாள் பிடித்து உருட்டி, சாம்பல் கலந்த நிறம்தான் பூசியிருந்தான். பரிசு வாங்கிய லொறியின் ரயர்கள் கடைக் கறுப்பு.

சரி, இனி புழுதிக்கு வருகிறேன். புழுதி பூசுவது என்றால் மண்ணை அள்ளித் தூவுவது என்று நடுவர்மார் நினைத்திருப்பார்கள் போல. ஒரு மில்லிமீற்றர் மணல் மணி ஒன்று இந்த அளவில் 24 மில்லிமீற்றர் கல்லு. லொறியின் கூரையில் அப்படிக் கல்லுக் கிடந்தால் யார் நம்புவார்கள்? அதனால் றோட்டுக்குப் போடுகிற சிவப்புக் கிரவல் மண்ணைத் தாச்சியில் வறுத்து, இடித்து, மெல்லிய துணியில் அரித்து, அடியில் முகப்பவுடர் மாதிரி விழுகிறதை மட்டும்தான் எடுக்க வேண்டும். வறுக்காமல் விட்டால் ஈரமும் பூச்சியும் நிற்கும். அதைத் தூரிகையால் தட்டி வைத்துவிட்டு, சேஜிக்கல் ஸ்பிரிற்றை ஒரு துளி தொட்டு ஓடவிட்டால் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு மேலே வார்னிஷ் அடித்தால் பாதிப் புழுதி மறைந்து, மிச்சம் கறுத்துவிடும். அதனால் எவ்வளவு தூவுவது, எதைத் தொடாமல் விடுவது என்று கணக்குப் பார்க்க வேண்டும். பளபளப்பாக அடித்து விடுவது இதோடு பார்த்தால் லேசு வேலை.

எங்கே படியும் என்பதும் ஒரு கணக்கு. தாரில் மட்டும் ஓடுகிற லொறியில் புழுதி சாம்பல் நிறம், அதுவும் கனக்க இராது. ஏ9ஐ விட்டு உள்றோட்டுக் கிரவலில் இறங்கினால்தான் சிவப்பு. ஓடுகிற லொறிக்குப் பின்னால் காற்று சுழன்று உள்ளுக்கு இழுப்பதால் முகத்தைவிடப் பின்தட்டியில்தான் அதிகம் படியும். சில்லுக்குப் பின்னால் விசிறி போல மேல்நோக்கி அடித்திருக்கும். வயலுக்குள் இறங்கி நெல் ஏற்றிய லொறி என்றால் சில்லிலும் மட்காட்டுக்குள்ளும் களி பிடித்து, காய்ந்ததும் சாம்பலாக வெடித்து நிற்கும், அது கிரவலின் சிவப்போடு சேராது. பொடியனின் கன்ரரில் கீழே களி, மேலே சிவப்பு, இரண்டும் வேறு வேறாக இருந்தது. காலபோக அறுவடைக்கு வயலுக்குள் போய், கிரவல் றோட்டால் ஏறி வந்த லொறி அது. இதைப் பார்த்து அந்த லொறி எங்கே போய் வந்தது என்று நான் சொல்லுவேன், எங்கள் பக்கத்துச் சாரதி எவரும் சொல்லுவார். நடுவருக்கு ஊத்தை மட்டும்தான் தெரிந்தது.

முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த இரண்டு பிறை வடிவங்கள் மட்டும் துப்புரவு, மிச்சம் புழுதி. அந்தப் பிறை வடிவத்துக்குத் தாள் வெட்டி ஒட்டி, புழுதி பூசி, தாளை உரித்து எடுத்திருந்தான். வலப்பக்கக் கதவில் சாரதி முழங்கையை வைக்கிற இடத்தில் பெயின்ற் தேய்ந்து பிறைமர் தெரிந்தது. இடப்பக்கக் கதவில் அது இல்லை, ஏனென்றால் கிளீனர் பொடியன்மார் கபினுக்குள் இருப்பதைவிட மேலே மூடையில் இருப்பதுதான் அதிகம்! மரப் பலகைப் பொடியை ஐஸ்கிறீம் குச்சியில் செய்து, தடிப்புக் கூடிப்போகும் என்று ஒவ்வொன்றையும் தேய்த்துப் பாதியாக்கியிருந்தான், இரண்டு மில்லிமீற்றர் குச்சியை அப்படியே வைத்தால் இரண்டங்குலப் பலகை ஆகிவிடும். வெயிலில் கிடந்த பலகை மண்ணிறமாக இராது, நரைத்திருக்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தரைப் பலகை மட்டும் மூடை இழுத்து இழுத்து வழுவழுப்பாக, கயிறு கட்டுகிற கொளுக்கிகளுக்குப் பக்கத்தில் பெயின்ற் உரிந்து. பம்பரில் காய்ந்த தேசிக்காய்ப் பாதி, கண்ணாடியின் மேல்மூலையில் சந்தனமும் குங்குமமும். ஏ9 ஓரத்து முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் எந்த லொறி போகிறது? அங்கே விற்கிற கச்சான் பைக்கற் ஒன்றைக்கூட டாஷ்போட்டில் வைத்திருந்தான், கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். யாரும் குனியவில்லை.

துருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், எனக்குப் பிடித்த பகுதி அது. எங்கள் கராஜுக்கு ஆனையிறவு உப்பு ஏற்றுகிற லொறிகள் வரும், கடற்கரையில் மீன் ஏற்றுகிற ஐஸ் பெட்டி லொறிகளும் வரும். இரண்டும் துருப்பிடிக்கும், ஆனால் ஒரே மாதிரி இல்லை. உப்பு லொறிக்குப் பலகை இடுக்கு வழியாகக் கொட்டுண்டு சசியும் குறுக்குச் சட்டங்களும் தின்னப்படும். மீன் லொறிக்கு ஐஸ் தண்ணீர் ஒழுகுகிற பின்மூலையில் கோடு கோடாக இறங்கும். இதை மாதிரியில் காட்டுவதற்கு முதலில் துரு நிறம் முழுக்கப் பூசிக் காயவிட்டு, நனைத்து, துரு தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் உப்புத் தூவி, அதற்கு மேலே லொறியின் நிறத்தை அடித்து, காய்ந்த பின் உப்பைத் தட்டி விட்டால் உரிந்த பெயின்ற்றும் அடியில் துருவும் தானாக வரும். உப்பு லொறிக்குத் துரு வைக்க நான் ஆனையிறவு உப்பையே பாவித்தேன், அதில் ஒரு சந்தோசம். தலைக்கு அடிக்கிற ஸ்பிறேயை இடையில் அடித்து, மேலே தண்ணீரில் கரைகிற அக்றிலிக் பூசி, ஈரத் தூரிகையால் தேய்த்தாலும் இதே வேலை நடக்கும், ஆனால் கை நிதானம் வேண்டும். பாத்திரம் தேய்க்கிற இரும்புக் கம்பளியை வினாகிரியில் ஊறப்போட்டுக் காற்றில் விட்டால் வருவது உண்மையான துரு, அதைக் காயவைத்துப் பொடியாக்கினால் கடையில் விற்கிற எந்த நிறமும் கிட்ட வராது.

எரிந்த வாகனத்தின் துரு வேறு. பெயின்ற் முழுக்கப் போய்விடும், தகரம் மூலைமுடுக்கெல்லாம் ஒரே செம்மஞ்சளாகும், இடையிடையே சாம்பல் வெள்ளை. 2009இல் போர் முடிந்த பிறகு புதுக்குடியிருப்புப் பக்கமும் முள்ளிவாய்க்கால் பக்கமும் அப்படிக் குவிந்து கிடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அந்த நிறத்தை எப்படிக் கலப்பது என்று எனக்குத் தெரியும், பூச மனம் வரவில்லை. யாராவது ஒரு பிள்ளை ஒருநாள் அதைச் செய்துகொண்டு வந்தால் அதற்கும் துப்புரவு போதாது என்று எழுதுவார்களா என்று யோசித்தேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். புது லொறியும் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கழுவி மாலை போட்ட லொறியும் இருக்கிறது, அதைச் செய்கிறவன் பளபளப்பாகத்தான் செய்ய வேண்டும். பீற்றர்பில்ற்றும் அப்படித்தான், அமெரிக்காவில் சொந்த லொறி வைத்திருக்கிற சாரதிமார் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பதில் பெயர் போனவர்கள். அதனால் அந்தப் பிள்ளையின் சிவப்பில் எனக்குக் குறை இல்லை, இலக்கத்தகட்டில்தான் குறை. துப்புரவு பார்ப்பதும் தப்பில்லை, ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியில் விரல் அடையாளம், சுப்பர் குளூவின் ஆவி பட்டு ஜன்னல் வெள்ளையாய்ப் பூத்தது, இரண்டு நிறம் சேருகிற கோட்டில் பெயின்ற் ஒழுகியது, சில்லு நான்கும் தரையில் முட்டாமல் ஒன்று தூக்கி நிற்பது, இவைதான் உண்மையான ஊத்தை. கன்ரரில் இவற்றில் ஒன்றும் இல்லை, நான் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. மாதிரி வாகனப் போட்டி வைத்தால் நடுவர்களில் ஒருவராக லொறிச் சாரதியையோ பொடி கட்டுகிற தச்சனையோ தகரம் தட்டி நிமிர்த்துகிற ரிங்கரிங் வேலைக்காரரையோ கூப்பிடுங்கள். ஓவிய ஆசிரியர் இருக்கட்டும், அவருக்குப் பக்கத்தில் இவரும் இருக்கட்டும். இரண்டாவது, எந்த லொறியைப் பார்த்துச் செய்தாய் என்று பிள்ளையிடம் ஒரு படம் கேளுங்கள், இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. படத்தையும் மாதிரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் புள்ளி போடுங்கள். பெட்டியில் வந்ததையும் வெறும் மட்டையிலிருந்து எடுத்ததையும் ஒரே பிரிவில் போட வேண்டாம், இரண்டும் வேறு வேலை. ஒன்றில் ஒட்டுகிற கை, மற்றதில் அளக்கிற கண்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. பெட்டி கிடைத்தால் செய்யுங்கள், நல்ல பழக்கம். ஆனால் எங்கள் றோட்டில் ஓடியதும் ஓடுகிறதும் அநேகமாகப் பெட்டியில் வராது. 1958இல் வந்த ஜே வகை பெட்போட்டின் கூடுகள் இன்னும் சில வளவுகளில் நிற்கின்றன. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் எஞ்சின்களைத் துளி பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தப் புகை எங்கே கரி பிடித்தது என்று அவர்களிடம் கேளுங்கள். 2002இல் ஏ9 பாதை திறந்தபோது ஓமந்தையில் வரிசையில் நின்ற லேலண்ட், டாட்டா லொறிகளை ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். பழைய இரும்புக்காரர் வெட்டி எடை போடுவதற்கு முதல் ஒரு அளவுநாடாவோடு போய்விடுங்கள், படமும் எடுங்கள், குறிப்பாக அடிப்பக்கம்.

பெற்றோர் கவலைப்படுவார்கள், படிப்புக் கெடும், தின்னர் மணம் கூடாது என்று. தின்னர் விசயம் உண்மை, வீட்டுக்குள் அடிக்கக் கூடாது, விறாந்தையில் காற்றுப் படுகிற இடத்தில் முகமூடியோடுதான். படிப்பைப் பற்றி எனக்குப் பேசத் தகுதி இல்லை, ஆனால் 24ஆல் பிரிக்கிற கணக்கை அந்தப் பொடியன் மனத்தாலேயே செய்கிறான்.

அவனுக்குக் கடைசியில் ஆறுதல் பரிசாக ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்தார்கள். கொப்பியில் இப்போது டிப்பர் ஒன்றின் அளவுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பின்கதவு மேலே பிணைச்சலில் தொங்கித் திறக்கிற விதமும், பெட்டியைத் தூக்குகிற உருளை எந்த இடத்தில் சசியில் பூட்டியிருக்கிறது என்பதும் இன்னும் பிடிபடவில்லையாம். மணல் ஏற்றப் போகிற டிப்பர்க்கார அண்ணன்மார் யாராவது இதை வாசித்தால், கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ஒரு பொடியன் அளவுநாடாவோடு மறித்து, பெட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேட்பான். ஏசிவிடாமல் தூக்கிக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
லொறிக்குப் பெயின்ற் அடிக்கும் வாசகன்,
பரந்தன்.